ஆயாவின் மடியும் அஞ்சு மில்லி பாட்டிலும்

வானூர்ப் பக்கத்தில் காதுவலி என்றதும் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு வாசனைதான். குழிக்கரண்டியில் கொஞ்சம் நல்லெண்ணெய், அதில் நசுக்கிப் போட்ட இரண்டு பல் பூண்டு. விறகடுப்பின் மேல் கரண்டியைப் பிடித்தால், பூண்டு பொரியும் சத்தம் அடங்கும்போது எண்ணெய் இறங்கிவிடும். ஆயா அதை உடனே காதில் விடமாட்டாள். ஆறவைப்பாள், புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள், "வா, படு" என்று திண்ணையில் காலை நீட்டி உட்காருவாள். வலிக்கிற காது மேலே இருக்கும்படி தலையை மடியில் சாய்த்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, பஞ்சைப் பிழிந்து மூன்று நாலு சொட்டு விடுவாள். உள்ளே குளுகுளுவென்று ஒரு சத்தம் கேட்கும். "ஆடாத, அப்பிடியே கெட" என்பாள். அந்தச் சத்தம் அடங்கி, காது அடைத்த மாதிரி ஆகி, மடியில் பாதித் தூக்கம் வந்த பிறகுதான் தலையைத் திருப்பிப் போட்டு, வழிவதை முந்தானையால் துடைப்பாள். இது ஒரு வீட்டின், ஒரு நாளின் கதை இல்லை. கிளியனூர், மயிலம், திருவக்கரை என்று எந்த ஊரில் கேட்டாலும் கரண்டி மாறும், எண்ணெய் மாறும், மடி மாறாது.

இன்றைக்கு அந்தக் கரண்டி அநேகமாக ஓய்ந்துவிட்டது. "காதுக்கு டிராப்ஸ் குடுங்கண்ணா" என்று மெடிக்கலில் கேட்டால், கட்டைவிரல் உயரத்தில் ஐந்து மில்லி பாட்டில் ஒன்று வருகிறது. இப்படிப்பட்ட பாட்டில்கள் பலவற்றில், மூடியை அழுத்தித் திருகினால் அதற்குள் இருக்கும் முள்ளே முனையில் துளை போட்டுவிடும். அதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஊக்கால் குத்துகிறார்கள், இல்லாவிட்டால் பிளேடால் முனையைச் சீவுகிறார்கள். துளை பெரிதாகி, சொட்டும் பெரிதாகி, ஒரு வாரத்துக்கு வரவேண்டியது நாலு நாளில் தீர்ந்துபோகிறது. விடுவதும் நின்றபடிதான். தலையை ஒருபக்கம் சாய்த்து இரண்டு சொட்டு. நிமிர்ந்ததும் ஒன்று கழுத்தில் வழிகிறது, இன்னொன்று காலரை நனைக்கிறது. அதற்குள் கை பைக் சாவியைத் தேடிப் போய்விடும். மூன்றாம் நாள் "இந்த மருந்து கேக்கல, வேற குடுங்க" என்று அதே கடையில் நிற்பார்கள். என் கட்சி இதுதான்: ஆயாவிடம் முறை இருந்தது, மருந்து இல்லை. நம்மிடம் மருந்து வந்துவிட்டது, முறை போய்விட்டது. காதுச் சொட்டு நம் வீடுகளில் தோற்பதற்கு, மருந்தின் வீரியம் குறைந்ததைவிட அது காதுக்குள் தங்கும் நேரம் குறைந்ததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

காதின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். வெளிவாசலிலிருந்து செவிப்பறை வரை போகும் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம். நேராகப் போவதில்லை, லேசாக வளைந்து நெளிந்து போகிறது. வாசல் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. முடியும் குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் அங்கேதான். உள்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கில், எலும்பின் மேலேயே மெல்லிய தோல் ஒட்டிக்கிடக்கிறது. வீங்கினால் விலகிக்கொள்ள இடமில்லை. சின்னப் புண்ணுக்கும் அங்கே உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான். ஒரு முனை மூடிய குழாய் என்பதால், மேலிருந்து சொட்டு விழுந்ததும் உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழி தேடும். வாய் குறுகிய புட்டியில் அவசரமாக எண்ணெய் ஊற்றினால் எப்படிப் பொளக்கென்று மேலேயே நிற்குமோ அதே கதைதான். மடலை இழுத்துப் பிடிப்பது வளைவை நிமிர்த்துகிறது. துளைக்கு முன்னால் கதவு மாதிரி நிற்கும் சின்னக் குருத்தெலும்பை நாலைந்து தடவை மெல்ல அழுத்தி விட்டால் காற்று வெளியேறி மருந்து உள்ளே இறங்கும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. நாலு சொட்டு 0.2 மில்லி. குழாயின் கொள்ளளவோ சுமார் ஒரு மில்லி. ஐந்தில் ஒரு பங்கு திரவம் முழுச் சுவரையும் நனைக்கவேண்டுமென்றால் ஆள் படுத்திருக்கவேண்டும், படுத்தபடி மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் கிடக்கவேண்டும். நின்றுகொண்டு விட்ட சொட்டு வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் வெளிக்காதுப் புண் ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்கும் விடை நிலத்திலேயே இருக்கிறது. கடலோரத்து ஈரக்காற்று ஆண்டு முழுக்க உண்டு. பொம்மையார்பாளையம் தொடங்கி வடக்கே வரிசையாக மீனவர் குப்பங்கள். உள்ளே வந்தால் பம்புசெட்டுத் தொட்டியும் கிணறும். திருவக்கரையைச் சுற்றி, கல் எடுத்துவிட்டு விட்ட குழிகளில் பச்சையாகத் தேங்கிக்கிடக்கும் தண்ணீர். அந்தக் குழிகளில் குதிக்காதே என்று காதுக்காகச் சொல்வதற்கு முன் உயிருக்காகச் சொல்லவேண்டும், அது வேறு பேச்சு. ஐப்பசி பிறந்தால் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. காது நனைவதற்கு இங்கே பஞ்சமே இல்லை. காதுக்குள் இருக்கும் குறும்பி அழுக்கு என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். உண்மையில் அது லேசான புளிப்புத்தன்மையும் பிசுபிசுப்பும் கொண்ட காவல். தண்ணீரை ஒட்டவிடாது, கிருமியை வளரவிடாது. காதின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெதுவாக நகர்ந்து, பழைய குறும்பியைத் தானே வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். பட்ஸ், கொண்டை ஊசி, தீக்குச்சி, துடைப்பக் குச்சி, கோழி இறகு என்று எதைவிட்டுக் குடைந்தாலும் அந்தக் காவல் போகிறது, தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. அடுத்த நாள் கிணற்றில் குதித்தால் போதும், தண்ணீரிலேயே குடியிருக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உள்ளே இடம் பிடித்துவிடும். இல்லையென்றால் நம் தோலிலேயே இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ். ஈரம் நாள்கணக்கில் நின்றால் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. பூஞ்சைக் காதை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தால், நனைந்த பஞ்சின் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி இருக்கும். நமநமவென்று அரிப்பே முதலில் வரும், வலி பிறகுதான். கதவுக் குருத்தெலும்பை அழுத்தினாலோ மடலை இழுத்தாலோ வலி துள்ளினால் நோய் பெரும்பாலும் வெளிக்காதில்தான்.

இங்கே முதல் ஆட்சேபம் வரும்: புண் உள்ளே இருக்கிறது, ஊசி போட்டால் சீக்கிரம் கேட்குமே, இந்தச் சொட்டு எம்மாத்திரம்? ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடாமல் வந்தால் வைத்தியமே நடக்கவில்லை என்று நினைக்கும் ஊர் நம்முடையது. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஊசியோ மாத்திரையோ, மருந்து ரத்தம் வழியாகத்தான் காதுக்கு வரவேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லியை 500 மி.கி. மாத்திரையாக விழுங்கினால், ரத்தத்தில் அதன் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம். அதே மருந்தை 0.3 விழுக்காடு சொட்டாகக் காதில் விட்டால், புண்ணைத் தொடும் அளவு மில்லிலிட்டருக்கு 3,000 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு. 2010இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, 3,382 பேர் பங்கெடுத்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிக்கலில்லாத வெளிக்காதுத் தொற்றுக்குச் சொட்டு மருந்து மட்டுமே போதும் என்ற முடிவுக்கு வந்தது. ஒரு வாரமாவது விடவேண்டும், தீராவிட்டால் இரண்டாம் வாரத்துக்கு நீட்டலாம் என்றும் அது சொன்னது. வினிகரின் புளிப்பான அசெட்டிக் அமிலச் சொட்டுகூட முதல் வாரத்தில் மற்றவற்றுக்குச் சமமாக நிற்கிறது, அதற்குப் பிறகுதான் பின்தங்குகிறது. 2006இல் வந்து 2014இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்க வழிகாட்டியும், தொற்று காதுக்கு வெளியே பரவாதவரை, நோயாளிக்கு வேறு ஆபத்துக் காரணம் இல்லாதவரை, மாத்திரையில் தொடங்காதே என்கிறது. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டுக் காதுக்குக் கொஞ்சம் கொண்டுவருகிறது. போகிற வழியில் வயிற்றைக் கெடுக்கிறது, எதிர்ப்புச் சக்தி கொண்ட கிருமிகளையும் வளர்க்கிறது. சொட்டோ நேரே புண்ணின் மேல் உட்காருகிறது. உட்காரவிட்டால்.

அந்த "உட்காரவிட்டால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே அமெரிக்க வழிகாட்டி எடுத்துச் சொல்லும் ஒரு கணக்கு இங்கே பொருந்தும். தனக்குத் தானே சொட்டு விட்டுக்கொள்பவர்களில் முதல் மூன்று நாள் சரியாக விடுகிறவர்கள் 40 விழுக்காடுதான், மற்றவர்கள் பெரும்பாலும் குறைவாக விடுகிறார்கள். அதனால் முடிந்தவரை இன்னொருவர் விடட்டும் என்பது அதன் பரிந்துரை. அமெரிக்க நிபுணர்கள் கூடிப் பேசி எட்டிய முடிவை நம் திண்ணையில் ஆயா தினமும் செய்துகொண்டிருந்தாள். இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. தன் காதைத் தானே பார்க்க முடியாது, ஒரு கையால் மடலை இழுத்து மறுகையால் பாட்டிலை அழுத்தும்போது சொட்டு எங்கே விழுகிறது என்று தெரியாது. இவ்வளவுதான் விஷயம்.

சரி, ஆயாவின் முறை அவ்வளவு நல்லது என்றால் எண்ணெயும் நல்லதுதானே, அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கேட்டிருக்கிறது என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை உதறித்தள்ள எனக்கு மனமில்லை. காய்ந்து கெட்டியான குறும்பியை இளக்க ஆலிவ் எண்ணெய் விடச்சொல்லி இங்கிலாந்து மருத்துவர்களே சொல்கிறார்கள். காது அடைத்து, லேசாக வலித்த பிள்ளைகள் பலருக்கு அன்று நடந்தது அதுவாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பு வலியைக் கொஞ்சம் தணிக்கும். போதாததற்கு, பல காதுவலிகள் இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கக்கூடியவை, அந்தப் பெயரும் எண்ணெய்க்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் புண் பிடித்த காதில் எண்ணெய் செய்வது வேறு. அது கிருமி நீக்கியதல்ல. ஈரத்தையும் கழிவையும் உள்ளேயே பூட்டிவைக்கிறது. காதில் எண்ணெய் விடும் பழக்கத்தைப் பூஞ்சைத் தொற்றுக்கான காரணங்களில் ஒன்றாக நம் நாட்டுக் காது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருகிறார்கள். ஓட்டை விழுந்த செவிப்பறை என்றால் எண்ணெய் நடுக்காதுக்கே இறங்கிவிடும். புறங்கையில் பார்க்க மறந்த ஒரு நாளில் கொதிக்கும் எண்ணெய் என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. பூண்டுக்குக் கிருமி கொல்லும் குணம் உண்டு என்பது மெய். கரண்டியில் கருகிய பூண்டில் அது எவ்வளவு மிச்சம் என்று எந்த ஆயாவும் அளந்ததில்லை.

வெதுவெதுப்பு என்றதும் ஒரு ஆஸ்திரிய டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். வியன்னாவில் ராபர்ட் பராணி என்பவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் அவர்களுக்குத் தலை சுற்றுவதையும் கண் ஒருபக்கமாக இழுத்து இழுத்து ஆடுவதையும் கவனித்தார். உள்காதில் உடம்பின் நிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் குளிர்ச்சி பட்டதும் ஓடத் தொடங்குகிறது, மூளையோ தலை சுழல்கிறது என்று ஏமாந்துபோகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி. அந்த நோபல் பரிசின் பாடம் நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பொருந்தும். முட்டைக்கும் புளித்த மாவுக்கும் நடுவில் வைத்த சொட்டு மருந்தை எடுத்த கையோடு காதில் விட்டால் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். பாட்டிலை உள்ளங்கையில் மூடி இரண்டு நிமிடம் உருட்டினால் போதும். அடுப்பிலோ வெந்நீரிலோ காட்டவேண்டியதில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் மடலை மேலே இழுக்காமல் கீழும் பின்னுமாக இழுக்கவேண்டும், அந்த வயதில் குழாயின் போக்கு வேறு. பாட்டில் முனை காதில் படக்கூடாது. பட்டால் சீழ் முனையில் ஒட்டி, மருந்துப் பாட்டிலே கிருமிப் பாட்டிலாகிவிடும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு உண்மையில் கனமாகப் படுகிறது. நேரம் எங்கே இருக்கிறது என்பது. கிரஷரில் வேலை, சவுக்கு வெட்டு, மல்லாட்டை பிடுங்கல், பாண்டிக்குப் போய்ச் சித்தாள் வேலை என்று விடியலில் கிளம்புகிறவர்களிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை ஐந்தைந்து நிமிடம் படு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள் என்று சொல்வது சொகுசுப் பேச்சாகத் தோன்றலாம். அதிலும் புண் முற்றி, குழாய் வீங்கி அடைத்துவிட்டால் சொட்டு உள்ளே போகவே வழியில்லை. அப்போது டாக்டர் கழிவை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்யவேண்டும், விளக்குத் திரி மாதிரி ஒரு திரியை உள்ளே வைத்து அதன் மேல் மருந்து விடவேண்டும். திரி மருந்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரை நனைத்தபடியே இருக்கும். அந்த வேலைக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வேண்டும். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், கோரிமேட்டில், வானூர் எல்லையை ஒட்டியே இருக்கிறது. விழுப்புரம் பக்கம் போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டிலும் சீட்டுக்கும் வரிசைக்கும் ஒரு நாள் கூலி போகும். இதை மறுக்க முடியாது. ஆனால் கணக்கை நீட்டிப் போட்டுப் பார்க்கவேண்டும். சரியாக விட்டால் 48லிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி குறையத் தொடங்கும். நின்றபடி விட்டு, மூன்று பாட்டில் மாற்றி, இரண்டு வாரம் தூக்கம் கெட்டு, கடைசியில் அதே வரிசையில் நிற்பவர் இழக்கும் கூலி எவ்வளவு? மூன்று வேளையில் இரண்டு வேளை, அதிகாலையும் படுக்கும் நேரமும், எப்படியும் பாயில்தான் இருக்கிறோம். எழுந்திருப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் விட்டுக்கொண்டால் ஒரு வேளை கழிந்தது. பகல் வேளை ஒன்றுக்குத்தான் யோசிக்கவேண்டும். டாக்டரிடம் இதைச் சொன்னால் இரண்டு வேளை மட்டும் விடக்கூடிய மருந்தாகவே எழுதித்தரவும் வழியுண்டு, சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்சாமெத்தசோனும் கலந்த சொட்டு அப்படிப்பட்டது.

முறை சரியாக இருந்தாலும் கண்ட சொட்டையும் விடக்கூடாத காது ஒன்று இருக்கிறது, செவிப்பறையில் ஓட்டை உள்ள காது. மருந்து உள்ளே தங்கவேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடியவன், தங்கினால் ஆபத்தாகும் இடத்தையும் சொல்லியாகவேண்டும். நியோமைசின், ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடு வகை மருந்துகளும், ஸ்பிரிட் கலந்தவையும் ஓட்டை வழியே நடுக்காதுக்குள் போனால், அங்கிருந்து உள்காதைத் தாக்கிக் கேட்கும் திறனையே பறிக்கலாம். ஆஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைகள் அந்த விதத்தில் பாதுகாப்பானவை. சின்ன வயதிலிருந்து சளி பிடிக்கும்போதெல்லாம் காதில் சீழ் வடியும் ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அதை "அது அவனுக்கு எப்பவும் இருக்கறதுதான்" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொன்னால் மருந்துச் சீட்டே மாறிவிடும். சொட்டு விட்டதும் தொண்டையில் கசப்புத் தெரிகிறதா, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் காது வழியே காற்று புஸ்ஸென்று வருகிறதா என்பதும் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். தெரிந்தால் மேற்கொண்டு விடாமல் காட்டவேண்டும். இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் சொட்டே வேண்டாம் என்று பயந்துபோகிறவர்களும் உண்டு. விளக்கடித்துப் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனையில் தீரக்கூடிய பயம் அது.

இன்னொரு எல்லை சுகர். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. சுகர் கட்டுக்குள் இல்லாத வயதானவர்களுக்கு, சாதாரணக் காதுப் புண்ணாகத் தொடங்குவது தோலைத் தாண்டி மண்டையோட்டின் எலும்புக்குள் இறங்கிவிடக்கூடும். அமெரிக்க மருத்துவர் சாண்ட்லர் 1968இல் இதைத் தனி நோயாக விவரித்தபோது "மாலிக்னன்ட்" என்ற சொல்லைச் சேர்த்தார். புற்றுநோய் இல்லை, ஆனால் கொல்லக்கூடியது என்பதால் வந்த பெயர். ராத்திரியில் தூங்கவிடாமல் குடையும் வலி, சொட்டுக்கு மசியாத சீழ், ஒரு பக்கம் வாய் கோணிப்போவது எல்லாம் அதன் குறிகள். இதற்குச் சொட்டும் போதாது, சாதாரண மாத்திரையும் போதாது. வாரக்கணக்கில் வீரியமான மருந்து வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் பெண்களுக்கு, எந்த வீட்டில் யாருக்குச் சுகர் என்பது தெரியும். மாத்திரை நீட்டும் அந்தக் கையோடு "காது கீது வலிக்குதா பெரியம்மா?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் செலவு எதுவுமில்லை.

கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதில் உள்ள சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கேட்டவுடன் கைக்கு வரும் சொட்டுகளில் ஒன்று நாலு மருந்தின் கலவை: பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒரு ஸ்டீராய்டு, மரத்துப்போக லிக்னோகெயின். எது இருந்தாலும் ஒன்று படும் என்ற குருட்டு வேட்டு. மரத்துப்போகும் மருந்து முதலில் வேலை செய்து வலியை அடக்கிவிடும், "கேட்டுடுச்சு" என்று இரண்டாம் நாளே நிறுத்துவார்கள், புண் அப்படியே கிடக்கும். பூஞ்சை இருக்கும் காதில் பாக்டீரியாவுக்கான சொட்டையும் ஸ்டீராய்டையும் மாதக்கணக்கில் விட்டால் பூஞ்சைக்குப் போட்டியே இல்லாமல் போகிறது. அரிப்பு திரும்பத் திரும்ப வருவதும், அதே பாட்டிலைத் திரும்பத் திரும்ப வாங்குவதும் இப்படி நடப்பவை. இவையெல்லாம் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத வகை என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. போன வருஷத்து மிச்சத்தைப் பரணிலிருந்து எடுப்பது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது, காதுச் சொட்டைக் கண்ணில் விடுவது எல்லாமும் நடக்கிறது. இதே அளவு, இதே வடிவத்தில் வரும் ஒட்டுப் பசையை இருட்டில் கண்ணிலும் காதிலும் விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. சிரிப்பு வரும் செய்திதான், மாடப்புரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் வீடுகளை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அட்டைப்பெட்டியைப் பற்றி ஒன்று. உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதம் எறும்பு எழுத்தில், இங்கிலீஷில். ஓ.பி. சீட்டில் "3 சொட்டு, டி.டி.எஸ்.", அதாவது நாளைக்கு மூன்று வேளை, என்று இருக்கும். மாத்திரைப் பட்டையில் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு என்று பேனாவால் போட்டுத் தரும் கடைக்கார அண்ணன், சொட்டு மருந்துப் பெட்டியில் எதுவும் எழுதாமல் அப்படியே நீட்டிவிடுகிறார். அந்தப் பெட்டியின் வெள்ளைப் பக்கத்தில் மூன்று வரிக்கு இடமிருக்கிறது. பிரித்த தேதி, ஏனென்றால் பெரும்பாலான பாட்டில்களைத் திறந்து 28 நாளுக்குப் பிறகு தூக்கிப் போட்டுவிடவேண்டும். எந்தக் காது என்பது. குளிக்கும்போது தண்ணீர் புகாமலிருக்க வேசலின் தடவிய பஞ்சு என்பது. இதற்கு மேல் இடம் கிடைத்தால் பெரிய எழுத்தில், "படுத்து, 5 நிமிஷம்."